ஏணை கட்டுவதற்கு முன்

காணிக்குத் திரும்பியதும் முதலில் கொட்டில் எழும்பும். கைக்குழந்தை உள்ள குடும்பத்தில் அடுத்ததாக ஏணை தொங்கும். எறும்பும் பூச்சியும் ஊரும் நிலத்தில் பிள்ளையைக் கிடத்த எவருக்கும் மனம் வராது. ஆனால் பழைய வீட்டின் வளை தாங்கிய பாரத்தைத் தற்காலிகக் கொட்டிலின் கூரைத்தடியும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அது தறப்பாளையோ தகரத்தையோ தாங்கப் போடப்பட்டது. ஏணை ஆட ஆட ஆணி கழரும், கப்பு அசையும்.

ஆழமாக நட்ட இரண்டு கப்புகளின் மேல் கிடக்கும் உறுதியான வளையில் கட்டுங்கள். பனை வளை கிடைத்தால் நல்லது. கட்டியபின் பெரியவர் ஒருவர் ஏணையைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். முறியும் சத்தமோ அசைவோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். மரத்தில் கட்டுவதானால் முருங்கையை விட்டுவிடுங்கள், அதன் கொப்பு சட்டென்று முறியும்.

தடி வெட்டவென்று பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத இடத்தில் ஒரு தடிக்காகக் கால் வைப்பது பெரிய ஆபத்து. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்றும் ஆகாது.

சேலை பருத்தியாக இருக்கட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நூல் விலகிய இடம் தெரியும். நைலோன் கயிற்றில் முடிச்சு வழுகும், வெயிலில் கிடந்த கயிறு இற்றிருக்கும். தகர விளிம்பில் உரசும் கயிற்றைத் தினமும் தடவிப் பார்ப்பது நல்லது.

ஏணையின் அடிப்பகுதி உங்கள் முழங்காலுக்கு மேலே போகக்கூடாது. கீழே பாய் விரித்துவிடுங்கள். அடுப்பு தள்ளியே இருக்கட்டும்.

பிள்ளை சுருண்டு, நாடி நெஞ்சில் முட்டக் கிடந்தால் மூச்சு அடைபடும், அழுகைச் சத்தம்கூட வராது. அதனால் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும் ஏணையில் கிடத்துங்கள். இரவில் நுளம்பு வலைக்குள், மட்டமான பாயில், மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. பிள்ளை புரளவோ எழும்பி இருக்கவோ தொடங்கினால் ஏணையை நிறுத்திவிடுங்கள்.

மூத்த பிள்ளைகள் வெற்று ஏணையை முறுக்கி ஊஞ்சலாடுவார்கள். சேலை கழுத்தில் சுற்றிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது. பிள்ளையைத் தூக்கியதும் ஏணையை அவிழ்க்க வேண்டாம், சுருட்டி வளைக்கு மேலே போட்டாலே போதும்.