உறுதியும் ஆளடையாளமும்

காணி உறுதி ஒன்று எழுதப்படும்போது நொத்தாரிசு ஆராயவேண்டியவை பல. எல்லைகள், பரப்பு, முன்னைய உறுதிகள், ஈடு ஏதும் உண்டா என்பன காணிப் பதிவகத்து ஏடுகளைப் புரட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏடுகளிலே காணமுடியாத விடயம் ஒன்றும் உண்டு. தம்மை இன்னார் என்று கூறிக்கொண்டு கையொப்பமிட வந்திருப்பவர் மெய்யாகவே அந்த இன்னார்தாமா என்பதே அது.

இலங்கைச் சட்டம் இதற்குப் பழைய முறையிலேயே விடை தேடுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றும் பத்திரம் எழுத்திலே இருத்தல் வேண்டும்; நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே கூடியிருக்கும்போது அது கையொப்பமிடப்படுதலும் வேண்டும். இன்றேல் அது செல்லாது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் மேலும் ஒரு படி செல்கிறது. எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசு தாமே அறிந்திருத்தல் வேண்டும். அறியாராயின், சாட்சிகள் இருவரேனும் அவரை அறிந்திருத்தல் வேண்டும். அச்சாட்சிகள் நன்மதிப்புடையோர்தாமா என்று நொத்தாரிசு திருப்தியடைந்த பின்னரே அவர்களை ஏற்கலாம். கொடுப்பவரின் சரியான பெயர், தொழில், வதிவிடம் ஆகியவற்றைத் தாம் நன்கு அறிவோமென உறுதியின் அடியிலே அவர்கள் ஒப்பமிட்டுக் கூறவும் வேண்டும். இவ்விதி அட்டையை நம்பி எழுந்ததன்று. 1907இலே பார்ப்பதற்கு அட்டையே இல்லை. தேசிய அடையாள அட்டைக்கு வழிவகுத்த ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டினது.

வல்வெட்டித்துறை போன்றதோர் ஊருக்கு இவ்விதி இயல்பாகவே பொருந்தியிருந்தது. கப்பல் கட்டிய ஊர் அது. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்றது. ஆடவர் மாதக்கணக்கிலே கடலில் இருந்தாலும், திரும்பி வந்தவரை இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கையிலே வீடு என்று சொல்ல ஊரிலே பலர் இருந்தனர். தேசவழமையிலும் இத்தகைய எண்ணத்தின் சாயலைக் காணலாம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1706–07இலே தொகுக்கப்பட்ட அவ்வழமை நூல், காணி விற்க எண்ணுவோர் தம் தேவாலயத்திலே தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அதனை அறிவித்தல் வேண்டும் என்ற ஒழுங்கைக் கூறுகிறது. உரித்தாளரும் பங்காளரும் அயற்காணிக்காரரும் முன்வந்து வாங்குவதற்கு இடமளிப்பதே அதன் நோக்கம். எனினும் ஆள்மாறாட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறென்ன வேண்டும்?

போரும் புலப்பெயர்வும் இந்த அறிமுகத்தைக் குலைத்துவிட்டன. காணிக்குரியவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். அவர் முகத்தை அறிந்த அயலவரும் இடம்பெயர்ந்துவிட்டனர். இந்நிலையில் பொய்யான அட்டையோடு ஒருவனும், அவனை நன்கறிவோம் என்று ஒப்பமிட இருவரும் கிடைத்துவிட்டால், பத்திரம் பார்வைக்குக் குறைவற்றதாகவே இருக்கும். பொய்க் கையொப்பத்தால் உரிமை மாறுவதில்லை. நல்லெண்ணத்தோடு பணங் கொடுத்து வாங்கியவருக்கும் அதனால் காணி கிடையாது. ஆயினும் அதனை நிறுவ, உரியவர் கடல் கடந்து வந்து வழக்காடவேண்டியிருக்கும். வாங்கியவரோ தம் சேமிப்பை இழந்து நிற்பார்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் 2012 யூலை முதலாந் திகதியிலிருந்து, கையொப்பமிடுபவர் நொத்தாரிசின் முன் நேரிலே வராமல் காணொளி வாயிலாகத் தோன்றுவதற்கு இடமளித்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழி சென்றன. அங்கே ஆளடையாளம் பல வகையாகச் சோதிக்கப்படுகிறது. அட்டையின் படத்தைக் கணினி ஆராய்கிறது. கமராவிலே தோன்றும் முகத்தை அட்டையிலுள்ள முகத்தோடு ஒப்பிடுவதும் உண்டு. முன்பு குடியிருந்த முகவரி, பழைய கடன் போன்றவற்றைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் கேள்விகளாகக் கேட்பது இன்னொரு முறை. இம்முறை இங்கே பயன்படாது என்றே சொல்லவேண்டும். அத்தகைய பதிவேடுகள் வடபகுதி முதியோருக்கு அரிது. அதுவுமன்றி, குடும்பக் காணியை அபகரிக்க எண்ணும் உறவினருக்கே அக்கேள்விகளுக்கான விடைகள் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இலக்கமுறைக் கையொப்பம் இவற்றினும் வலியது. ஒருவரிடம் இரகசியத் திறவுகோல் ஒன்று இருக்கும்; அதற்கு இணையான வெளித் திறவுகோல் இன்னாருடையதென்று ஒரு நிறுவனம் சான்று வழங்கும். பத்திரத்திலே ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது போய்விடும். பத்திரம் திருத்தப்படவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த காப்பு அரிது. ஆனால் அது காட்டுவது இன்ன திறவுகோல் பயன்படுத்தப்பட்டது என்பதையே. அதனைப் பயன்படுத்திய கை எவருடையது என்பதை அன்று. முத்திரை மோதிரத்தைக் கழற்றி எடுத்தவன் ஓலைக்கு முத்திரையிட்ட கதைதான். மேலும், தாயார் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் நின்று ‘ஒப்பமிடு’ என்று கண்காட்டும் மகனைத் திரை காட்டாது. அறையிலே இருக்கும் நொத்தாரிசு அவனை வெளியே போகச் சொல்லலாம்.

இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு இறுதி விருப்பாவணம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை உடன்படிக்கையும் கைமாற்றமும் போன்றவற்றை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ரொறன்ரோவிலிருந்து திரையிலே இட்ட ஒப்பத்தினால் வல்வெட்டித்துறைக் காணி கைமாறாது. உரியவர் நேரிலே வரல் வேண்டும். அன்றேல் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலே அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பல் வேண்டும்.

அந்தத் தத்துவத்தைக் கொண்டுவருபவரை நொத்தாரிசு அறிந்திருக்கலாம். உரியவரை அவர் கண்டதேயில்லை. இவ்விடத்திலே திரையை ஒரு துணையாகக் கொள்ளலாம். சட்டம் கேட்காவிடினும், உறுதி எழுதும் நாளன்று உரியவரைக் காணொளியிலே அழைத்து, அதே ஒழுங்கையிலே வாழும் முதியவர் ஒருவரை அவரோடு பேச வைக்கலாம். அயல்வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், வேலிக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்கும் கேள்விகள் எந்தப் பதிவேட்டிலும் இரா. அவ்வழைப்பினால் வேறொரு பயனும் உண்டு. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அத்தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும். அவர் அன்று உயிரோடிருக்கிறார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.