காயலான் கடைக்கு வரும் ராணுவ வண்டி: வெட்டும் முன்னும் வாங்கும் முன்னும்

ராணுவ வண்டியின் பாகம் ஒன்று காயலான் கடைக்குள் நுழைந்துவிட்டால் அதன் ஆயுள் அநேகமாகச் சில நாள்தான். கேஸ் கட்டிங் செய்பவர் வந்ததும் ஆக்சில் இரண்டு துண்டாகும், சேஸ் நான்கு துண்டாகும், எல்லாம் எடைபோட்டு உருக்காலைக்கு லாரி ஏறும். அந்த இரும்பு எங்கே ஓடியது, எந்த ஆண்டில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கடைக்காரருக்கு நேரமில்லை. கேட்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 6.4 லட்சம் ஜீப்புகளைக் கட்டின. பர்மா போர்முனைக்காக இந்தியா வந்தவற்றில் பல, போர் முடிந்ததும் இங்கேயே விற்கப்பட்டன. மேற்கு வங்கத்தின் பானாகர் இன்றும் பழைய ராணுவ வண்டிகளுக்குப் பேர்போன ஊர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருள்களுக்கே பாதுகாப்பு தருகிறது. எனவே இரண்டாம் உலகப் போர் ஜீப்பை யார் வெட்டினாலும் அந்தச் சட்டம் தடுக்காது. காப்பாற்ற வேண்டுமென்றால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொள்ளும் கண்தான் வேண்டும்.

முகப்பிலிருந்து தொடங்கலாம். போர்க்கால ஜீப்பின் கிரில்லில் ஒன்பது செங்குத்துத் திறப்புகள் இருக்கும். ஹெட்லைட்டுகள் சிறியவை, கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும். விளக்கைத் தாங்கும் பிடி கீல் வைத்தது. இரவில் இன்ஜினைப் பழுதுபார்க்க விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பிக்கொள்ள வைத்த ஏற்பாடு அது. ஏழு திறப்பும் பெரிய விளக்கும் இருந்தால் அது போருக்குப் பிந்திய வகை. மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கி, பிறகு உயரமான பானட் கொண்ட சிஜே3பி வகையைப் பல்லாண்டு தயாரித்தது. நம் ஊர்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது அதுதான்.

கிரில்லை மாற்றியிருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தால் குனிந்து சேஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டிபோல் சதுரமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்களில் சாய்வான ஆங்கில எஃப் எழுத்தைப் பொறித்தது; போல்ட் தலையில்கூட அது இருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து மேலே வரும். பத்துக் கிலோ துருவுக்குள் கிடக்கும் ஒரு போல்ட்டே சாட்சி சொல்லிவிடும். சேஸ் எண்ணையும் தேடுங்கள். ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் நேராகக் குத்தியிருப்பார்கள். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். டேஷ்போர்டில் இருக்கும் பித்தளை, துத்தநாகத் தகடுகளை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். அவற்றை இன்று புதிதாகவே அச்சடித்து விற்கிறார்கள்.

நம் நாட்டு வண்டிகளும் இப்போது இதே வழியில் போகின்றன. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தோடு ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரி, நிஸான் உரிமத்தில் அங்கேயே தயாரான ஜோங்கா இரண்டும் நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவற்றின் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எடைக்குப் போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. ராணுவப் பாகங்களில் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கலாம். முதல் நான்கு இலக்கம் பாகத்தின் வகை: 2520 என்றால் கியர், டிரான்ஸ்மிஷன், 2530 என்றால் பிரேக், ஸ்டீயரிங், ஆக்சில், சக்கரம். அடுத்த இரண்டு இலக்கம் எண் கொடுத்த நாடு. இந்தியாவுக்கு 72, பிரிட்டனுக்கு 99.

இதே எண்தான் எச்சரிக்கையும்கூட. ராணுவம் கழித்த வண்டிகளும் பாகங்களும் எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலம் போன்ற முறையான வழிகளில்தான் வெளியே வர வேண்டும். வந்தவற்றுக்கு ஏல ரசீதும் சரக்கை எடுத்துச்செல்லக் கொடுத்த டெலிவரி ஆர்டரும் இருக்கும். விற்பவரிடம் அவற்றின் நகலைக் கேளுங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். மெழுகுத்தாளும் கிரீஸும் பிரியாத புதுப் பாகம், பில் இல்லை, விலையோ அடிமாட்டு விலை என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317இன்படி மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். ஆர்வத்தில் வாங்கினேன் என்பது பதிலாகாது. துப்பாக்கி, பீரங்கி சம்பந்தப்பட்ட பாகம் எதுவானாலும் ஆயுதச் சட்டம் குறுக்கே வரும், ஏனென்றால் அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பது அதன் உதிரிப் பாகங்களையும் சேர்த்தது.

முழு வண்டியாகக் கட்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் சேஸ் எண்ணும் தாளும் ஒத்துப்போக வேண்டும். 2021இல் வந்த விதியின்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். இன்னொன்றையும் பலர் அறியாமல் மீறுகிறார்கள்: மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. தாளே இல்லாத சேஸை நான் வாங்கச் சொல்லமாட்டேன். பில்லோடு கிடைக்கும் ஆக்சில், கியர்பாக்ஸ், கிரில் போதும். தாள் உள்ள இன்னொரு வண்டி அவற்றால் பிழைக்கும்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. ராணுவச் சக்கரங்கள் பலவற்றில் ரிம் ஒரே துண்டாக இருக்காது. இரண்டு பாதியை நட்டு போட்டு இணைத்திருப்பார்கள், அல்லது லாக் ரிங் இருக்கும். வெளிச்சுற்றில் ஒரு வரிசை நட்டு, உள்சுற்றில் ஒரு வரிசை நட்டு. ஒன்று சக்கரத்தைக் கழற்ற, மற்றது ரிம்மையே பிளக்க. டியூபில் காற்று இருக்கும்போது தவறான வரிசையை அவிழ்த்தால் ரிம் பிளந்து, பாதி இரும்பு முகத்தில் அறையும். பிரிட்டிஷ் ராணுவம் ரிம்மை இணைக்கும் நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தது இதற்காகத்தான்; காயலான் கடைக்கு வரும்போது அந்தச் சிவப்பு போயிருக்கும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். தட்டையாகத் தெரியும் டயருக்கும் இதே விதிதான்.

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், சைலன்சர் கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது ஒர்க்‌ஷாப்புகளில் தினமும் நடக்கிறது, நடக்கவே கூடாது. நன்றாக நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். காலி பெட்ரோல் டேங்கில் கேஸ் கட்டிங் வைக்காதீர்கள்; டேங்க் காலியானாலும் உள்ளே ஆவி இருக்கும்.

போர்க்கால மீட்டர்களின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியதுண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். ஒளி தந்த பூச்சுதான் செத்திருக்கிறது. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். அத்தகைய மீட்டரின் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்பாக வந்த பல்கலைக்கழக ஆய்வுக் கருவியைப் பிரித்தபோது உள்ளே இருந்த கோபால்ட்-60 பலரைப் பாதித்து ஒருவர் உயிரைப் பறித்தது. அது ராணுவப் பொருளல்ல, ஆனால் நடந்தது இதே மாதிரியான கடைத்தெருவில்.

குண்டு, ராக்கெட், புகைக்குண்டு போலத் தெரியும் எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 112ஐ அழையுங்கள். 2004இல் காஜியாபாத் அருகே உருக்காலை ஒன்றில், இறக்குமதிப் பழைய இரும்போடு வந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். 2019இல் திருப்போரூர் அருகே கோயில் குளத்தில் கிடைத்த பொருள் வெடித்தும் உயிர்கள் போயின. நீங்களே தகவல் கொடுத்தால் நீங்கள் சாட்சி. ஒளித்து வைத்திருந்து பிடிபட்டால் வழக்கே வேறு.

ஏமாற்றப்பட்டால்? புதிதாக வார்த்த நகலை அசல் என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பில் இல்லாமல் வாங்கியவருக்கு அங்கே நிற்பது கடினம். ஏலத்தில் எடுத்தவருக்கும் இந்த வழி குறுகலானது, உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில்தான் ஏலம் விடுவார்கள். கட்டிங் வேலையில் கை, கண் போனால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்நாட்டில் சட்டம். தினக்கூலி என்று சொல்லித் தட்டிக்கழித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள், மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காயலான் கடை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பது திறப்புள்ள கிரில்லோ, பதின்மூன்று இலக்க எண்ணோ கண்ணில் பட்டால் கட்டிங் ஆளை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். படம் எடுத்து, பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அனுப்புங்கள். எடைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்து, பில்லும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள்.