கணினியில் ஒலி வரவில்லையா? செலவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

இணையவழி நேர்காணலோ வகுப்போ தொடங்கும் வேளையில் கணினியில் ஒலி கேட்காவிட்டால், ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால், பல நேரங்களில் கணினியின் அமைப்புகளைச் சரிசெய்தாலே போதுமானது.

முதலில், ஒலிபெருக்கியை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கு ஒலித்தால், குறை ஒலிபெருக்கியில் இல்லை. மேசைக் கணினியில் ஒலிபெருக்கியின் 3.5 மி.மீ. பின்னைப் பச்சை நிறத் துளையில் செருக வேண்டும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது.

அடுத்து, விண்டோஸ் திரையின் கீழ்ப்பட்டையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தின் வழியே, எந்தச் சாதனம் தேர்வாகியுள்ளது எனக் காண வேண்டும். எச்டிஎம்ஐ கேபிள் மூலம் தொலைக்காட்சியை இணைத்திருந்தாலோ, புளூடூத் இயர்போன் இணைப்பிலேயே இருந்தாலோ, ஒலி அவற்றுக்குச் சென்றுவிடக்கூடும்.

அப்போதும் தீரவில்லை எனில், 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் ஒலிச் சாதனத்தை நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யலாம். அதற்கான டிரைவரை விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே மீண்டும் நிறுவிவிடும்.

தேடுபொறியில் தென்படும் அறிமுகமற்ற உதவி எண்களை அழைப்பதையும், அவர்கள் கூறும் செயலிகளை நிறுவுவதையும் தவிர்க்க வேண்டும். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி பெற்று, வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை மோசடியாளர்கள் பறிக்கக்கூடும். அவ்வாறு பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.