கடல் தாண்டிய மணவாழ்க்கை: மனைவியின் சேமிப்பு எந்த நாட்டுக் கணக்கில்?



பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் கடல் தாண்டி நடப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. அக்கரப்பத்தனை, டயகம, தலவாக்கலை, ஹட்டன் என்று கடை நடத்தும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் உறவு உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையக மக்களைப் பங்கிட்டது. அண்ணன் நீலகிரியில், தங்கை தோட்டத்தில் என்று குடும்பங்கள் பிரிந்தன. பிரிந்த உறவைப் பலர் திருமணத்தால் மீண்டும் முடிந்துகொண்டார்கள்.

இப்படி அமையும் வீட்டில் கணவர் ஒரு நாட்டுக் குடிமகன், மனைவி இன்னொரு நாட்டுக் குடிமகள். மஹர், நகை, சீர் எல்லாம் பேசி முடிக்கிறோம். பெண்ணின் பெயரில் ஊர் வங்கியில் கிடக்கும் பணம் இனி என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால் வரும் இழப்பு பெரும்பாலும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

கடவுச்சீட்டு வேறு, வசிப்பிடம் வேறு

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இலங்கையரை மணந்ததால் மட்டும் இந்தியப் பெண்ணின் குடியுரிமை மாறிவிடாது. ஆனால் அவள் பின்னர் விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமை பெற்றால், இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருகிறது, இந்தியா தருவதில்லை. ஆகவே இரண்டு கடவுச்சீட்டையும் பெட்டியில் வைத்திருக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

வரிக்கும் வங்கிக் கணக்குக்கும் குடியுரிமையை விட முக்கியமானது, எங்கே வசிக்கிறோம் என்பது. இரண்டு நாடுகளிலும் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஆண்டு முழுவதும் அக்கரப்பத்தனையில் குடும்பம் நடத்தும் பெண், கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் இலங்கையில் வசிப்பவள்தான்.

ஊரில் விட்டுவந்த கணக்கு

திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அக்கரப்பத்தனைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கன்னிப் பருவத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு ஊரில் அப்படியே இருக்கிறது. வாப்பா அதில் அவ்வப்போது பணம் போடுகிறார், ஏ.டி.எம். அட்டை தம்பியிடம். இப்படித்தான் பல வீடுகளில் நடக்கிறது.

இது சரியல்ல. வெளிநாட்டில் குடியேறியவர் தம் சாதாரணக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும்.

என்.ஆர்.ஓ. என்பது இந்தியாவிலேயே கிடைக்கும் பணத்துக்கு: வீட்டு வாடகை, பாகப்பிரிவினையில் வந்த தொகை, பழைய சேமிப்பு. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. இதிலுள்ள பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துவரலாம். இதன் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. அவள் இலங்கைக் குடியுரிமை பெற்ற பின்னும் இந்திய வம்சாவளியினர் என்ற முறையில் இக்கணக்குகளை வைத்திருக்கலாம். இந்தியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் இலங்கைக் கணவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

வட்டி வேண்டாம் என்று பேணி நடப்பவர்கள், இவ்விரண்டிலும் வட்டியில்லா நடப்புக் கணக்கு உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். இலங்கையில் 2011 முதல் இயங்கும் அமானா வங்கியும் வட்டியில்லா முறையில் நடக்கிறது.

பன்னிரண்டாயிரமா, நாலாயிரமா, ஒன்றுமில்லையா?

அந்தப் பெண்ணின் என்.ஆர்.ஓ. வைப்புக்கு ஆண்டுக்கு 40,000 இந்திய ரூபாய் வட்டி சேருகிறது என்போம். வங்கி அதில் 30 சதவீத வரியும், அந்த வரியின்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் பிடித்துக்கொள்ளும். மொத்தம் 12,480 ரூபாய். வரி பிடிக்க வேண்டாம் என்று ஊரில் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் இவளுக்குச் செல்லாது. அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும் உரியது.

ஆனால் இந்தியாவும் இலங்கையும் இரட்டை வரி தவிர்க்கும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இப்போதுள்ள ஒப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வட்டி மீதான வரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 4,000 ரூபாய். இந்தச் சலுகை தானாக வராது. இலங்கையில் வரி வசிப்பாளர் என்பதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் சான்றிதழ் வாங்கி, பான் எண்ணுடன் இந்திய வங்கியிடம் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டிலிருந்து, இந்தியாவின் புதிய வரிமுறையில் 4 இலட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கும் இது பொருந்தும். அவளுக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து, பிடித்த பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம். கேட்காதவருக்கு அது வந்து சேராது!

இலங்கைப் பக்கம்

இலங்கையில் வசிப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அந்த வருமானம் இங்கே கணக்கில் சேரும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரிவிலக்கு உண்டு. இந்தியாவில் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதே நாளிலிருந்து இலங்கை வங்கிகள் வட்டியில் 10 சதவீதம் பிடிக்கின்றன. வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இரண்டு நாடுகளிலும் கணவர் வேறு, மனைவி வேறு என்றுதான் வரிக் கணக்கு. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால், உங்களுக்குரிய விலக்கு வீணாகும்.

இங்கிருந்து அங்கே போகும் பெண்

மலையகத்துப் பெண் தமிழகத்துக்கு மணமாகிப் போனால் நிலைமை தலைகீழாகும். இங்கே வேலை செய்தவளாயின், ஊழியர் சேமலாப நிதியில் அவள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் சேர்ந்திருக்கும். பெண்கள் 50 வயதில்தான் அதை எடுக்கலாம் என்பது பொது விதி. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு அதற்கு முன்பே எடுக்கும் உரிமை உண்டு. இலங்கையில் வசித்தபோது சேர்த்த பணத்தை இங்கேயே வைத்திருக்கவும் இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அங்கே முழு வசிப்பாளராகிவிட்டால், வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இலங்கைக் கணக்கையும் அதில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் பாயலாம்.

உங்கள் பணம் உங்கள் பெயரில்

2022இல் இலங்கை ரூபா சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்தது, சில மாதங்களில் 360 அளவுக்குப் போனது. அப்போது உண்டியலில் பணம் அனுப்பியவர்கள் பலர். கூடுதலாக நாலு காசு கிடைத்தது உண்மை. ஆனால் உண்டியல் பணத்துக்குத் துண்டுச் சீட்டு கிடையாது. நாளை அந்தப் பணத்தில் வைப்பு வைக்கும்போது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலும் கிடையாது.

மனைவியின் சொத்து மனைவிக்கே என்று இஸ்லாம் வகுத்துத் தந்திருக்கிறது. மஹரும், பெற்றோர் தந்ததும், சொந்த உழைப்பில் வந்ததும் அவளுடையவை. அவற்றுக்கான ஜகாத்தும் அவள் பொறுப்பே. கணவரின் வியாபாரத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது நன்மையான காரியம்தான். அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதை எழுதிவைத்துக் கொடுங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கணவன் மனைவிக்கு விலக்குத் தரவில்லையே!

திருமணப் பதிவுச் சான்றிதழ், கடவுச்சீட்டின் பிரதி, பான் அட்டை, இரு நாட்டு வங்கிப் புத்தகங்கள், வரி பிடித்த சான்றுகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இந்திய ஆவணங்கள் பற்றிய கேள்விக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தை நாடலாம். தொகை பெரிதாயின், இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரைக் கேட்பது நல்லது.

மணப்பெண்ணைக் கப்பலேற்றிய காலம் போய் விமானமேற்றும் காலம் வந்துவிட்டது. அவளுடைய நகைப் பெட்டியைச் சரிபார்க்கும் பெற்றோர், வங்கிப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஹலாலாகச் சேர்த்த பணம் அறியாமையால் கரையாமல் காக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.