கிரிடில் அடுப்பில் கிளறிய முட்டை

கிரிடில் அடுப்பில் கிளறிய முட்டை என்பது, திறந்த வெளியில் வைத்துப் பயன்படுத்தப்படும் தட்டையான இரும்புத் தகட்டு அடுப்பில், அடித்துக் கலக்கிய முட்டையை ஊற்றிக் கிளறிச் செய்யப்படும் ஓர் உணவு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பின்முற்றங்களிலும் முகாம்களிலும் இது காலை உணவாகப் பரவலாகச் சமைக்கப்படுகிறது. பன்றி இறைச்சிக் கீற்று, துருவிய உருளைக்கிழங்கு, பான்கேக், ரொட்டித் துண்டு ஆகியன அதே தகட்டின் வேறு பகுதிகளில் உடன் வேகும். ஒரு குடும்பத்தின் முழுக் காலை உணவையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் ஆக்க முடிவதே இம்முறை பரவியதற்கு முதன்மையான காரணம்.

வாணலியில் நன்றாக முட்டை கிளறத் தெரிந்தவர்களும் இவ்வடுப்பில் முதன்முறை சமைக்கும்போது உலர்ந்த துணுக்குகளையே பெறுவது உண்டு. வாணலி சூடேறிவிட்டால் அதை அடுப்பிலிருந்து தூக்கிவிடலாம். தகட்டைத் தூக்க முடியாது. ஆகவே வெப்பத்திலிருந்து முட்டையைத்தான் அகற்ற வேண்டும். இம்முறையின் ஏனைய நுட்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

அடுப்பின் அமைப்பு

அமெரிக்கச் சிற்றுணவகங்களில் சமையற்காரர்கள் நெடுங்காலமாகத் தட்டையான பெரிய இரும்புத் தகடுகளில் முட்டையும் இறைச்சியும் சமைத்து வந்துள்ளனர். அந்தத் தகட்டை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்ததே கிரிடில் அடுப்பு. இவ்வகை அடுப்புகளை விற்கும் நிறுவனங்களுள் நன்கு அறியப்பட்டது உட்டா மாநிலத்தில் 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிளாக்ஸ்டோன் ஆகும். 36 அங்குல அகலமும் நான்கு பர்னர்களும் கொண்ட அடுப்பு பெரிய குடும்பங்களிடையே வழக்கத்தில் உள்ள ஓர் அளவு. அதன் சமையல் பரப்பு 768 சதுர அங்குலம், அதாவது ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர்.

எரிபொருள் உருளையில் அடைத்த புரொப்பேன் வளி. தகடு 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கரிம எஃகால் ஆனது. புதிய தகட்டின் மீது மெல்லிய எண்ணெய்ப் பூச்சைத் தடவி, புகை அடங்கும் வரை பலமுறை சுடுவர். எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்புகள் ஒன்றோடொன்று பிணைந்து கரிய, வழவழப்பான படலமாக இறுகுகின்றன. தமிழர் வீடுகளில் புதிய தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேதி மாற்றத்துக்காகவே. தக்காளி, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள்கள் இப்படலத்தை அரிக்கும். படலம் அரிந்த இடத்தில் முட்டை பற்றிக்கொள்ளும்.

தகட்டில் வெப்பம் எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பர்னர்களுக்கு நேர் மேலே மிகுதியாகவும் விளிம்புகளில் குறைவாகவும் இருக்கும். காற்று வீசும் நாளில் சுடர் ஒருபுறமாகச் சாய்வதால் இவ்வேறுபாடு இன்னும் கூடும். இது குறைபாடாகக் கருதப்படுவது உண்டு. முட்டையைப் பொறுத்தவரை இதுவே பெரிய வசதி.

முட்டை உறையும் வெப்பநிலை

இக்கட்டுரையில் வெப்பநிலைகள் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

ஓடு நீக்கிய கோழிமுட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். புரதம் 12 முதல் 13 விழுக்காடும், கொழுப்பு 10 விழுக்காடு அளவும் உள்ளன. பச்சை முட்டையில் புரத மூலக்கூறுகள் சுருண்ட நூற்பந்துகளைப் போலத் தனித்தனியே மிதக்கின்றன. சூடேறும்போது அவை அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றி, வலை போல் இணைகின்றன. அவ்வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது. நன்றாகச் செய்த கிளறிய முட்டையின் மென்மை என்பது இவ்வாறு சிக்கிய நீரே ஆகும்.

எல்லாப் புரதங்களும் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. வெள்ளைக்கருவிலுள்ள ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 60 பாகையைச் சற்றுக் கடந்ததும் உறையத் தொடங்கும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேலாக உள்ள ஓவால்புமின் 80 பாகைக்கு மேலேதான் இறுகும். மஞ்சள்கரு 65 பாகையில் தடித்து, 70 பாகையளவில் கெட்டியாகிறது. இரண்டையும் அடித்துக் கலந்த முட்டை 73 பாகையை ஒட்டி உறைகிறது. அதற்கு மேல் சூடேறினால் புரத வலை இறுகிச் சுருங்கி, சிக்கிய நீரைப் பிழிந்து வெளியேற்றும். தட்டின் அடியில் தேங்கும் நீரும், வாயில் ரப்பர் போல் மெல்லப்படும் துணுக்கும் இதன் விளைவுகள். நீர் ஒருமுறை வெளியேறிய பின்னர் எவ்வளவு வெண்ணெய் சேர்த்தாலும் பழைய மென்மை திரும்பாது.

மற்றொரு பக்கத்திலிருந்து உணவுப் பாதுகாப்பு விதியும் ஓர் எல்லை வகுக்கிறது. சால்மொனெல்லா நுண்ணுயிரியின் பொருட்டு, முட்டை சேர்ந்த உணவுகள் 71 பாகையை எட்ட வேண்டும் என அமெரிக்க வேளாண்மைத் துறை வீட்டுச் சமையலுக்குப் பரிந்துரைக்கிறது. ஆக, பாதுகாப்பும் மென்மையும் ஒன்றுசேரும் இடைவெளி 71 பாகையிலிருந்து 80 பாகை வரை மட்டுமே. மென்மை வேண்டுமானால் முட்டையைப் பாதி பச்சையாக விட வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது சரியன்று. 73 பாகையில் உறைந்த முட்டை மென்மையானது, பாதுகாப்பானதும் கூட.

தகட்டில் தேங்கும் வெப்பம்

மேலே கூறிய அடுப்பின் தகடு கணக்குப்படி 18 கிலோகிராம் அளவு எடையுள்ளது. அது 150 பாகையிலிருந்து 75 பாகைக்குக் குளிரும்போது ஏறத்தாழ 650 கிலோசூல் வெப்பத்தை வெளிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு டசின் முட்டையை உறையும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 140 கிலோசூல் போதும். அதாவது முட்டையை ஊற்றியவுடன் சுடரை முற்றிலும் அணைத்துவிட்டாலும், முட்டை பரவியுள்ள கால்பங்குத் தகட்டில் உள்ள வெப்பமே அதை வேகவைக்கப் போதுமானது. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் முட்டையைத் தகட்டிலேயே விட்டுவைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இறைச்சி சுடுவதற்குத் தகட்டை 200 பாகைக்கு மேல் சூடேற்றுவது வழக்கம். முட்டைக்கு 120 முதல் 150 பாகை வரை ஏற்றது. இதனை அறிய வெண்ணெய் நல்ல துணை. ஒரு துண்டு வெண்ணெயைத் தகட்டில் வைத்தால், அதிலுள்ள நீர் ஆவியாகி நுரைக்க வேண்டும். உடனே பழுப்பேறினால் தகடு முட்டைக்கு மிகச் சூடாக உள்ளது. நீர்த்துளி தெளித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. துளி முத்தாக உருண்டு ஓடினால் வெப்பம் 190 பாகையைத் தாண்டியிருக்கும். அப்போது பர்னரைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி கரிய படலம் படிந்த தகட்டில் நம்பத்தக்க அளவைக் காட்டும். பளபளக்கும் புதிய எஃகில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

செய்முறை

முட்டை கடைசியாகச் சமைக்கப்பட வேண்டிய பண்டம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த பின்னர், ஒரு பகுதியில் உள்ள கருகலைச் சுரண்டி நீக்கித் துடைக்க வேண்டும். இல்லையேல் கரித்துகள்கள் முட்டையில் கலந்து சாம்பல் நிறம் தரும். இதற்குள் அப்பகுதியின் கீழுள்ள பர்னரை மிகக் குறைத்து, அதற்கடுத்த பர்னரை அணைத்து வைப்பர். இவ்வாறு மிதமான சூடும் குறைந்த சூடும் கொண்ட இரு பகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன.

முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவின் கீற்று தெரியாதபடி அடிக்க வேண்டும். உப்பை ஊற்றுவதற்குச் சற்று முன் சேர்ப்பதா, கால் மணி நேரம் முன்பே சேர்ப்பதா என்பதில் சமையற்காரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முன்பே சேர்ப்பது நல்லது. கரைந்த உப்பு புரதங்கள் மிக நெருக்கமாகப் பிணைவதைக் குறைப்பதால் நீர் கசிவது குறைகிறது. கலவையின் நிறம் சிறிது ஆழமாகும், அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. பால் அல்லது பாலாடை சேர்த்தால் உறையும் வெப்பநிலை சற்று உயரும், தவறுக்குச் சிறிது இடம் கிடைக்கும். பால் மிகுந்தால் முட்டையின் சுவை மங்கி, உறைந்த முட்டை நீர் விடும்.

கிரிடில் தகட்டுக்கு வாணலியைப் போல் உயர்ந்த பக்கச் சுவர் இல்லை. பன்னிரண்டு முட்டையின் கலவை ஏறத்தாழ 600 மில்லிலீட்டர். அது தகடு முழுவதும் பரவினால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய படலமாகி, கரண்டி படுவதற்குள் தாள் போல் வெந்துவிடும். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமுமான இடத்துக்குள் நிறுத்தினால் ஐந்து மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். இதற்காக, கலவையைச் சிறிது சிறிதாக ஊற்றுவர். முதலில் ஊற்றியது ஓரத்தில் உறைந்து அணை போல் நிற்க, மீதியை அதன் நடுவில் விடுவர். இரு கைகளிலும் அகன்ற தோசைத் திருப்பியைப் பிடித்து, ஓடப் பார்க்கும் கலவையை உள்நோக்கித் தள்ளுவதும் வழக்கம். அடுப்பு சமதளத்தில் நிற்கிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளாதவரின் முட்டை, எண்ணெய் வடியும் துளையின் வழியே கீழுள்ள கிண்ணத்துக்குப் போய்ச் சேரும்.

ஊற்றிய பின் சில நொடிகள் தொடாமல் விட்டு, அடிப்பகுதி உறைந்ததும் திருப்பியால் நீண்ட இழுப்பாகத் தள்ளி மடிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் பெரிய, மென்மையான மடிப்புகள் உண்டாகும். ஓயாமல் கொத்தினால் சிறு துணுக்குகளாகும். முட்டையின் பெரும்பகுதி உறைந்து, மேற்பரப்பு இன்னும் ஈரமாக மினுங்கும்போதே முழுவதையும் குறைந்த சூடுள்ள பகுதிக்குக் குவியலாக நகர்த்த வேண்டும். குவியலின் உட்சூடு எஞ்சிய ஈரத்தை உறையச் செய்யும். குத்து வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகி 71 பாகை தாண்டியதா எனப் பார்க்கலாம். தாண்டியதும் தாமதமின்றித் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஊற்றியதிலிருந்து இதுவரை இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது. உண்பவர்களை முட்டை ஊற்றும் முன்பே அழைத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

பச்சை நிறம்

கிளறிய முட்டையை நெடுநேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் அது சாம்பல் கலந்த பச்சை நிறம் பெறுவது உண்டு. வெள்ளைக்கருவிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சல்பைடு, மஞ்சள்கருவிலுள்ள இரும்புடன் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆவதே காரணம். அவித்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றித் தெரியும் பச்சை வளையமும் இதுவே. படலம் தேய்ந்த எஃகுத் தகடும் இரும்பைத் தரும் என்பதால் இங்கு நிறம் மாறும் வாய்ப்புச் சற்று அதிகம். இதனால் உடலுக்குத் தீங்கு இல்லை. பெருமளவு முட்டைக் கலவை விற்பவர்கள் இதைத் தவிர்க்கச் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்ப்பதுண்டு.

பாதுகாப்பு

பல முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்துக் கலக்கும்போது, அவற்றுள் ஒன்றில் சால்மொனெல்லா இருந்தாலும் முழுக் கலவையும் மாசுபடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதிகள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டுள்ளன. உணவகத்தில் ஒருவர் கேட்டவுடன் உடைத்துச் சமைத்துத் தரும் முட்டைக்கு 63 பாகையும் 15 நொடியும் போதும் எனவும், மொத்தமாகக் கலந்து சமைப்பதற்கு 68 பாகை வேண்டும் எனவும் அவை கூறுகின்றன.

வெளியில் சமைக்கும்போது உள்ள தனி இடர் வெயில். அமெரிக்காவில் கடைகளில் விற்கும் முட்டைகள் பெரும்பாலும் கழுவப்பட்டவை. கழுவும்போது ஓட்டின் இயற்கைப் பூச்சு நீங்கிவிடுவதால் அவற்றைக் குளிரிலேயே வைக்க வேண்டும். முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெளி வெப்பம் 32 பாகையைக் கடந்த நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே வைத்திருத்தல் கூடாது. பச்சைக் கலவை இருந்த கிண்ணத்திலேயே வெந்த முட்டையைப் போடுவது அடிக்கடி நிகழும் தவறு. பரபரப்பான பின்முற்றத்தில் இது எளிதில் நேர்ந்துவிடும்.

புரொப்பேன் அடுப்பை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ வண்டிக் கொட்டகைக்குள்ளோ கொண்டுபோதல் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். தகட்டில் கொழுப்புத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், வளியை அடைத்து, பொருத்தமான மூடியால் மூட வேண்டும்.

ஒத்த முறைகள்

தமிழ்நாட்டின் பரோட்டாக் கடைகளில் தெருவை நோக்கிப் போடப்பட்டிருக்கும் தடித்த இரும்புக் கல், அமைப்பில் கிரிடில் தகட்டுக்கு நெருங்கியது. முட்டைப் பொடிமாஸ் அதில் வெங்காயம், பச்சை மிளகாயுடன் உதிரியாகும் வரை கிளறப்படுகிறது. அங்கு உதிரித்தன்மையே வேண்டப்படுவது, அது பிழை அன்று. கொங்கு வட்டாரத்தில் பெயர்பெற்ற கலக்கி இதற்கு நேர்மாறானது. மிளகும் உப்பும், சில கடைகளில் சிறிது குழம்பும் சேர்த்து அடித்த முட்டையைக் கல்லில் ஊற்றி, உள்ளே குழைவாக இருக்கும்போதே மடித்து எடுத்துவிடுவர். பரோட்டாவுக்காகக் கடும் சூட்டில் இருக்கும் அதே கல்லில் இது செய்யப்படுவதால், எடுக்கும் தருணம் சில நொடிகளில் தவறிவிடும். உட்பகுதி 71 பாகையை எட்டாத கலக்கியைக் குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் தவிர்ப்பது நல்லது. தமிழ்நாட்டின் கொத்துப் பரோட்டாவிலும் இலங்கையின் கொத்து ரொட்டியிலும் முட்டை கல்லிலேயே ரொட்டித் துண்டுகளோடு கொத்திக் கலக்கப்படுகிறது. முட்டை விடும் நீரை ரொட்டி உறிஞ்சிக்கொள்வதால், இவ்வுணவுகளில் முட்டை சற்றுக் கூடுதலாக வெந்தாலும் தெரிவதில்லை.