வயசானா படபடப்பு வரத்தான் செய்யுமா? தைராய்டையும் கொஞ்சம் கவனியுங்கள்!

'அம்மா முன்ன மாதிரி இல்ல... நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது, ராத்திரி சரியா தூங்குறதும் இல்ல. வயசாச்சுல்ல!'

பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு இப்படிப் படபடப்பும் களைப்பும் வந்தால், தைராய்டு சுரப்பியையும் ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது.

கழுத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு?

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டுதான், உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் ஹார்மோன் அதிகமானால் இதயம் வேகமாகத் துடிக்கும். நாளடைவில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்க ஆரம்பிக்கலாம். இதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள் மருத்துவர்கள்.

அப்போது நாடி தாளம் தப்பி ஓடும். மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம்.

இளம் வயதில் தைராய்டு அதிகமானால் எடை குறையும், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். பெரியவர்களிடம் இவை வெளியே தெரியாமலே போகலாம். சோர்வு, பசியின்மை, மூச்சு வாங்குதல், ஒழுங்கற்ற நாடி... இவை மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

28-க்கு 11

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச் என்ற அளவைப் பார்ப்பார்கள். தைராய்டை வேலை வாங்க மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால், டி.எஸ்.எச் குறையும். இந்தத் தலைகீழ்க் கணக்குதான் பலரையும் குழப்புகிறது.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில், 60 வயதைத் தாண்டிய சுமார் 2,000 பேரை 10 ஆண்டுகள் கவனித்து, 1994-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச் 0.1 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களில் 100-க்கு 28 பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்திருந்தது. சரியான அளவில் இருந்தவர்களில் அது 11 பேர்தான்.

மாத்திரையும் காரணமாகலாம்

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 45 வயதில் எழுதிக் கொடுத்த அதே அளவை, 70 வயதிலும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. வயதாக ஆக உடல் எடை குறையும், மருந்தை உடம்பு வெளியேற்றும் வேகமும் குறையும். அன்று சரியாக இருந்த அளவு, இன்று அதிகமாகிவிடலாம்.

அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. ஹார்மோன் குறைந்தாலும் இதயத்துக்குக் கெடுதல்தான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. 70 வயதுக்கு மேல் டி.எஸ்.எச் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்கூட பரவாயில்லை என்று டாக்டர்கள் விடுவதுண்டு. 'ரிப்போர்ட்ல தடித்த எழுத்துல வந்திருக்கே' என்று பதறி, மாத்திரையைக் கூட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போதே 100-க்கு மேல் போனாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, டாக்டரைப் பார்த்து இ.சி.ஜி எடுக்க வேண்டும்.

* தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது டி.எஸ்.எச் பார்க்க வேண்டும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

* மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் சாப்பிடுங்கள். காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி தேவை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம்.

* முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால், பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும்.

* இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கப்படும் அமியோடரோன் மருந்தில் அயோடின் அதிகம். அதைச் சாப்பிடுபவர்களுக்கும் தைராய்டு பரிசோதனை அவசியம்.

* வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை, கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், தைராய்டு கூடியதால் வந்த துடிப்புக் கோளாறு, ஹார்மோன் சரியான அளவுக்கு வந்த சில மாதங்களில் பலருக்குத் தானாகவே சீராகிவிடுகிறது. அதுவரை ரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

அடுத்த முறை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது, 'கடைசியா தைராய்டு எப்போ பார்த்தோம்?' என்றும் கேளுங்கள். யாருக்கும் நினைவில்லை என்றால், பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.