அனல் காற்றுக்கு ஒரு தடுப்புச் சுவர்

பானெட்டுக்கு அடியில் – 11

போன வாரம் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டிருந்தேன். காரோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினேனே, அதற்குப் பிறகு வண்டிக்கு என்ன ஆயிற்று?

சத்தம் கூடியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்னாலிருந்து ஓர் உறுமல் வந்தது. அதைக் கேட்டதும் வண்டி சீறிக்கொண்டு போவதாக மனசு நம்பிவிடுகிறது. இரண்டு வாரம் நானும் நம்பினேன். மூன்றாவது வாரம், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவுள்ள ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகி, என்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மே மாதம், மதியம் இரண்டு மணி. கோவையில் வெளியே 36 டிகிரி. லட்சுமி மில் சிக்னலில் நின்றபோது கைபேசி 50 காட்டியது. சிக்னல் மாறுவதற்குள் 58. இரண்டாவது முறையும் சிவப்பு விழுந்து, நகர்ந்தபோது 64. வெளியே இருக்கும் காற்றை விட்டுவிட்டு, 28 டிகிரி அதிகம் காய்ந்த காற்றை என் கார் குடித்துக்கொண்டிருந்தது.

காற்று சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கணக்காகப் போட்டால், 36 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.14 கிலோ, 64 டிகிரியில் 1.05 கிலோ. எட்டு சதவீதம் குறைவு. சிலிண்டரின் அளவு மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது.

அதற்காகத் திறனும் எட்டு சதவீதம் குறைந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு குளிர்ந்த காற்றை அனுப்பினாலும், சூடான இன்டேக் பாதையிலும் சிலிண்டர் சுவரிலும் பட்டு அது காய்ந்துதான் தீரும். குளிர்ந்த காற்று அங்கே சூட்டை அதிகமாக வாங்கும், ஏற்கெனவே சூடான காற்று குறைவாக வாங்கும். போகிற வழியிலேயே இரண்டுக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 அளவுமுறையில் திறனைத் திருத்தும்போது வெப்பநிலை விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்வது இதனால்தான். அதன்படி பார்த்தால் எனக்குப் போனது நான்கைந்து சதவீதம். 80 குதிரைத் திறன் என்ஜினில் ஏறக்குறைய நான்கு. இதுவும் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது மட்டும். ஊருக்குள் பாதி அழுத்தி ஓட்டுகிறவருக்கு, பெடலை இன்னும் ஓர் இழை அழுத்தினால் ஈடாகிவிடும். ஆனால் காற்று மிகவும் சூடாக இருந்தால் நாக்கிங் வந்துவிடாமலிருக்க என்ஜினின் கணினியான ஈசியூ தீப்பொறி நேரத்தைத் தள்ளி வைக்கும். அந்த இழப்பு தனி.

பிளாஸ்டிக் பெட்டியை அப்போதுதான் புதிதாகப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு வாய், அதிலிருந்து மூடிய குழாய், மூடிய பெட்டி, அதற்குள் ஃபில்டர். பானெட்டுக்கு அடியில் இருக்கும் அனலில் ஒரு துளிகூட நேராக உள்ளே நுழைய முடியாத அமைப்பு. பக்கவாட்டில் குடம்போல உப்பியிருக்கும் வெற்று அறை, இரைச்சலை விழுங்குவதற்கு. யாரோ சில பொறியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்த பொருளை இருபது நிமிடத்தில் கழற்றிவிட்டேன். கழற்றும் முன் அதன் வெப்பநிலையை அளந்து வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, கூம்பு ஃபில்டரை வைத்துக்கொண்டே அதைச் சுற்றி ஒரு தடுப்பு கட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். என்ஜின் பக்கம் ஒரு சுவர், ரேடியேட்டர் பக்கம் ஒரு சுவர், அடியில் ஒரு தகடு. நான்காவது பக்கம் ஃபெண்டர். மேலே பானெட்டே மூடி.

உக்கடத்தில் 16 கேஜ் அலுமினியத் தகடு வாங்கினேன். ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் தடிமன். இதைவிட மெல்லியதாக இருந்தால் ஓட்டத்தில் அதிர்ந்து பாத்திரம்போலச் சத்தம் போடும். தடிமனாக இருந்தால் கையால் வளைக்க முடியாது. விமானத்துக்குப் போடும் கடின ரக அலுமினியம் வலிமையானது என்று சிலர் அதைத் தேடிப் போகிறார்கள். கூர்மையாக மடித்தால் அது மடிப்பிலேயே விரிசல் விடும். சாதாரண மென்மையான தகடுதான் இந்த வேலைக்கு ஏற்றது.

அதைத் தூக்கிக்கொண்டு வழக்கமாகப் போகும் டிங்கர் பட்டறைக்குப் போனேன். நாற்பது வருடமாகத் தகட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் தகட்டைத் தொடவேயில்லை.

“அட்டை எங்கீங்க தம்பி?” என்றார்.

“எந்த அட்டைங்கண்ணா?”

“மொதல்ல அட்டைல வெட்டி வண்டில வெச்சுப் பாருங்க. அட்டை தப்பாப் போனா இன்னொண்ணு எடுத்துக்கலாம். தகடு தப்பாப் போனா மறுக்கா உக்கடம் போகோணும்.”

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்ட ஆரம்பித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. ஃபெண்டரின் உள்வளைவு ஓரிடத்திலும் நேராக இல்லை. ஒயர் கட்டு ஒன்று குறுக்கே போகிறது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கக் கைக்கு வழி விட வேண்டும். ஐந்தாவது அட்டைதான் பொருந்தியது. அதைத் தகட்டின் மேல் வைத்து ஆணியால் கீறி, டின் கத்தரியால் வெட்டினோம். இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மரச்சுத்தியால் தட்டி மடித்தார் அண்ணன். இரும்புச் சுத்தியால் தட்டியிருந்தால் மடிப்பு முழுவதும் அம்மைத் தழும்பாகியிருக்கும். மூலைகளை 4 மில்லிமீட்டர் பாப் ரிவெட்டால் இணைத்தோம். துளையிட்ட பிறகு ஒவ்வொரு துளையையும் அரம் போட்டுச் சுத்தம் செய்தேன். தகட்டுத் தூள் பானெட்டுக்கு அடியில் விழக் கூடாது என்பதால் துளை போடும் வேலை எல்லாமே மேசையில்தான், காரில் அல்ல.

வேலை முடிந்ததும் அண்ணனுக்கு ஓர் ஆசை. “கறுப்புப் பெயின்ட் அடிச்சா அம்சமா இருக்குமுங்க” என்றார். இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேற்பரப்பு சில நூறு டிகிரிக்குக் காய்கிறது. அதிலிருந்து வரும் சூட்டில் பெரும்பங்கு, அடுப்புத் தணல் எதிரே நிற்பவர் முகத்தில் உறைப்பதுபோல, கதிர்வீச்சாக வருகிறது. பளபளப்பான அலுமினியம் தன் மேல் விழும் அந்தக் கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வாங்கிக்கொள்ளும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பெயின்ட் பத்தில் ஒன்பதை உறிஞ்சிக்கொள்ளும். மெக்லாரன் எஃப்1 காரின் என்ஜின் அறையில் தங்கத் தாள் ஒட்டியிருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் தேர்ந்தது. நமக்கு அலுமினியம் போதும். ஆனால் அதன் பளபளப்பைக் காப்பாற்ற வேண்டும். காரணத்தைச் சொன்னதும் அண்ணன் டப்பாவை மூடி வைத்துவிட்டார். மறுநாள் பஞ்சில் பாலிஷ் தொட்டுத் தேய்த்து, தகட்டில் முகம் தெரியும் அளவுக்குக் கொண்டு வந்ததும் அவர்தான்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட கைகளுக்குக் குறைவே இருந்ததில்லை. எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகத் தொடங்கியது அதில்தான். கரிவரதன் 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் வந்த பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளியூர் நண்பர்கள் ஒரு தகட்டுப் பெட்டிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

பெட்டியைக் காரில் உட்கார வைப்பது தனி வேலை. அதை என்ஜினோடு பிணைக்கக் கூடாது, பாடியோடுதான் பிணைக்க வேண்டும். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது ஒருவரை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடச் சொல்லிப் பாருங்கள். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். அந்த ஆட்டத்துக்கு எங்கேயும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். போல்ட் போட்ட இடத்திலெல்லாம் ரப்பர் புஷ் வைத்தேன். இரும்பு போல்ட் அலுமினியத்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால், ஈரம் படும்போது அந்த இடம் அரித்துப்போகும்.

பேட்டரி விஷயத்தைத் தடித்த எழுத்தில் போடலாம் என்றால் போடுவேன். என் பெட்டியின் ஒரு சுவர் பேட்டரியை ஒட்டி நிற்கிறது. பாடியோடு பிணைத்த உலோகத் தகடு பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பட்டால், அது வெல்டிங் மெஷினாக மாறிவிடும். வேலை தொடங்கும் முன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். முடிந்த பிறகு பாசிட்டிவ் முனைக்குக் கெட்டியான ரப்பர் மூடி போட்டே ஆக வேண்டும். ஓட்டத்தில் தகடு நகர்ந்தாலும் அங்கே எட்டாதபடி வெட்டுங்கள்.

சுவரின் உயரத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் பிசைந்த சப்பாத்தி மாவு உதவியது. பாலித்தீன் தாளில் சுற்றிய மாவை உருட்டித் தகட்டின் மேல் விளிம்பு முழுவதும் வைத்து, பானெட்டை மூடித் திறந்தேன். நசுங்கிய மாவின் தடிமனே அந்தந்த இடத்தில் உள்ள இடைவெளி. ஓரிடத்தில் 11 மில்லிமீட்டர், இன்னோர் இடத்தில் 4 மட்டும். 4 இருந்த இடத்தில் தகட்டைக் குறைத்தேன். பிறகு கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை விளிம்பில் செருகினேன். பானெட் மூடும்போது அது அமுங்கி, மேல்வழியை அடைத்துவிடுகிறது. இடுக்குகளுக்குச் சூடு தாங்கும் சிலிகான் பசை போட்டேன். காயாத சிலிகானிலிருந்து வரும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். அதனால் சென்சாருக்குத் தீங்கில்லாத ரகமாகப் பார்த்து வாங்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன்.

சுவர்களைக் கட்டிவிட்டு வாயை மறந்துவிடுபவர்கள் நிறைய. வெளிக்காற்று வர வழியில்லாத பெட்டி, ஃபில்டரை அடுப்பில் வைத்து மூடியதற்குச் சமம். பழைய பிளாஸ்டிக் பெட்டி மூச்சு வாங்கிய அதே வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சும்மா இருந்தது. அதிலிருந்து 75 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்றைப் பெட்டிக்குக் கொண்டு வந்தேன். த்ராட்டில் வாயின் பரப்பைப்போல அது இரண்டு மடங்கு. என்ஜினுக்கு மூச்சு முட்டாது. ஹோஸை இறக்கி பம்பருக்கு அடியில் வைத்தால் இன்னும் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று ஒரு யோசனை சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு வாய் தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இப்படித் தண்ணீர் குடித்துச் செத்த என்ஜின்கள் ஏராளம். கோவையின் ரயில்வே சுரங்கப்பாதைகளில் மழை நாளில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும். மூக்கு மேலேயே இருக்கட்டும்.

நாலு ஞாயிறு போய், ஜூன் வந்துவிட்டது. வெளியே 31 டிகிரி. மே மாதக் கணக்கோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதை மட்டும் குறித்தேன். நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க, 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டினேன். பெட்டி இல்லாதபோது 14 டிகிரி கூடுதலாக இருந்தது, இப்போது 6. மதுக்கரையில் வண்டியை ஓரம் கட்டி, அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஆனால் லட்சுமி மில் சிக்னலில் 28 ஆக இருந்தது 22க்குத்தான் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் காரணம் விளங்கியது. 1.2 லிட்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், நொடிக்கு 30 லிட்டர் வரை காற்றை இழுக்கும். என் பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 12 லிட்டர். உள்ளே வந்த காற்று அரை நொடிகூடத் தங்காமல் போய்விடும், சூடாக நேரமே இல்லை. சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது இழுப்பது நொடிக்கு இரண்டு மூன்று லிட்டர். அதே காற்று நான்கைந்து நொடி பெட்டிக்குள் தேங்கிக் கிடக்கும். ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல் மூன்று பக்கமும் தகட்டைச் சுட வைத்துக்கொண்டிருக்க, அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும் பொருள் வேறு. கதிர்வீச்சைத் தடுத்த என் தகடு, அனல் காற்றின் சூட்டை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சொவத்துக்கு வெளிய இன்னொரு தகடு, நடுவுல கண்ணாடி நார் வெச்சு அடைச்சா?” என்றார். பிளாஸ்கின் இரட்டைச் சுவர் மாதிரி. நார் உள்பக்கம் வரக் கூடாது. உதிர்ந்தால் நேராக ஃபில்டருக்குப் போகும். வெளிப்பக்கம் என்றால் சரி. அளவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பரணில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை இறக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அதை மாட்டிக்கொண்டு, அதே பைபாஸிலும் அதே சிக்னலிலும் ஓட்டி அளக்கப் போகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய அளவு அது. என்ன வந்தாலும் அடுத்த வாரம் அப்படியே எழுதுகிறேன்.

(தொடரும்)